பள்ளிக்கூடத்துக்கு ஒரு திருப்பு மொய்!

ஆபீஸில் எனக்கு 'வசூல் மன்னன்' என்று பட்டப்பெயர். யாராவது ரிடையர் ஆனால் மோதிரம், யாருக்காவது கல்யாணம் என்றால் குக்கர்... ஒரு வெள்ளைத்தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு ஸீட் ஸீட்டாகப் போய் நிற்பது நான்தான். தூரத்தில் என் தலை தெரிந்ததுமே அவசரமாக எழுந்து டீ குடிக்கப் போகிற வழக்கம் எங்கள் செக்ஷனில் நாலு பேருக்கு உண்டு.

அப்பேர்ப்பட்ட நானே சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காக வசூலில் இறங்கி, முதல் மாசத்தில் மொத்தமே 11,500 ரூபாய்தான் சேர்த்தேன் என்றால், விஷயம் எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்கே தள்ளி. தென்னையும் மொய் விருந்தும் நன்றாக விளைகிற பூமி. அங்கே இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் 1992-ல் பத்தாம் வகுப்பு முடித்தவன் நான். 2023 சித்திரையில் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, பழைய செட்டில் பதினெட்டுப் பேர் சிக்கினார்கள். பாதிப் பேருக்குத் தலையில் முடி இல்லை, மீதிப் பேருக்கு இருந்தது வெள்ளை. 'டேய் மாப்ளே' என்று கட்டிப்பிடித்து, கறிச்சோறு தின்று, வேப்பமரத்தடியில் பாயை விரித்துப் படுத்தபோது ஒருத்தன் ஆரம்பித்தான்.

"நம்மளை ஆளாக்கின பள்ளிக்கூடத்துக்கு எதுனாச்சும் செய்யணும்டா."

வயிறு நிறைந்திருக்கும்போது மனுஷனுக்கு வருகிற நல்ல எண்ணங்களுக்கு அளவே கிடையாது. உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் பிறந்தது. 64 பேர் சேர்ந்தார்கள். என்ன செய்யலாம் என்று மூணு நாள் பட்டிமன்றம் நடந்து, கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம்: பள்ளிக்கூட வாசலில் ஓர் ஆர்ச்! மேலே 'உபயம்: 1992-ம் ஆண்டு மாணவர்கள்'. இரண்டு பக்கத் தூண்களிலும் 64 பேருடைய பெயரும் கிரானைட்டில்.

ஹெச்.எம்.மிடம் போய் அனுமதி கேட்டு வரும் பொறுப்பு வசூல் மன்னனுக்கு.

ஹெச்.எம். ஓர் அம்மா. மேஜையில் பாதி நோட்டு, பாதி மாத்திரை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"ஆர்ச் நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா பிள்ளைங்க உள்ள வர்றதுக்கு வழி இருக்கு. பொண்ணுங்க 'போறதுக்கு'த்தான் இடமில்ல. வாங்க, காட்டறேன்."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கழிப்பறை இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, டைல்ஸ் போட்ட நாலு அறை. வாசலில் பளபளவென்று கல்வெட்டு, கட்டிக்கொடுத்த கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில். கதவில் பூட்டு. பூட்டின் மேல் துரு. போர் மோட்டார் எரிந்து ஒன்றரை வருஷம். தொட்டியில் விரிசல். கழுவ ஆள் இல்லை. நாத்தம் தாங்காமல் பூட்டிவிட்டார்கள். பையன்களுக்கு வேலியோரம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் 112 பேர்.

"கட்டறதுக்கு ஆள் கிடைக்குது சார், திறப்பு விழா வைக்கிறாங்க. கழுவறதுக்கு யாரும் கிடைக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

சாயந்தரம் டீக்கடை போட்டிருக்கிற நண்பனிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கிளாஸைக் கழுவிக்கொண்டே பேசினான்.

"எனக்குத் தெரியும் மாப்ளே. எம் மவ அங்கதானே எட்டாவது படிக்குது. காலைல பாட்டில்ல தண்ணி ரொப்பிக் கொடுத்து விடறேன். சாயந்தரம் அதே தண்ணி அப்படியே திரும்பி வருது. குடிச்சா 'போகணும்'ல? அதனால குடிக்கறதே இல்ல. போன மாசம் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, நாலு நாள் ஆஸ்பத்திரி. எங்க ஆத்தா சொல்லுது, 'பெரிய மனுஷி ஆவப் போற புள்ள, போதும் படிச்சது, நிப்பாட்டு'ன்னு. நான் இன்னும் நிப்பாட்டல."

'இன்னும்' என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன விதம் சென்னைக்கு பஸ் ஏறுகிற வரைக்கும் என் காதிலேயே இருந்தது.

குரூப்பில் போட்டேன்: 'ஆர்ச் வேண்டாம் நண்பர்களே. கக்கூஸ்.' அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தன், 'அதில் பெயர் எங்கே போடுவது?' என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்விதான்! அப்புறம் கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் 41 கட்டைவிரல். பணம் அனுப்பியது ஒன்பது பேர். ஆபீஸில் ஒரு ரவுண்டு போனேன். "உங்க ஊர் ஸ்கூலுக்கு நான் எதுக்குய்யா குடுக்கணும்? எங்க ஊர் ஸ்கூலே இடிஞ்சுதான் கிடக்கு" என்றார் சூப்பிரண்டெண்ட். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்த்துத்தான் அந்த 11,500.

இந்த நிலைமையில் பேங்கில் வேலை பார்க்கிற இன்னொரு வகுப்புத் தோழன் போனில் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டா, இதெல்லாம் உன் சொந்த அக்கவுன்ட்லயா வாங்கறே? நாளைக்கு யாராவது கேட்டா என்னடா சொல்லுவே?"

"மோட்டார் வாங்கினேன்னு சொல்லுவேன்."

"உன் வீட்டுக்கா, பள்ளிக்கூடத்துக்கான்னு கேப்பாங்க."

அவன்தான் பாடம் எடுத்தான். தர்ம காரியம் என்றால் மனசு மட்டும் போதாது, காகிதம் வேணும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கம் பதியலாம். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைவிதிகள், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ், அப்புறம் சங்கத்தின் பேரில் பேங்க் கணக்கு. அதற்கு மேல் வருமான வரி இலாகாவில் அப்போது 12ஏ என்று ஒரு பதிவு, 80ஜி என்று ஒரு பதிவு. 80ஜி இருந்தால் நன்கொடை கொடுக்கிறவருக்கு வரியில் சலுகை.

"அப்போ ஆபீஸ்ல எல்லாரும் அள்ளிக் குடுப்பாங்களே!" என்றேன்.

"மாட்டாங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அந்தச் சலுகை கிடையாது. புது வரி முறைக்கு மாறினவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கிடையாது. உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு பழைய முறைல இருக்கான்?"

விசாரித்தேன். மூணு பேர். அதில் ஒருத்தர் என்னைப் பார்த்தால் டீ குடிக்கப் போகிறவர்.

அடுத்து எங்கள் நம்பிக்கை நட்சத்திரம், கலிபோர்னியாவில் இருக்கிற நண்பன். 'எவ்வளவு வேணும்னு சொல்லு, மொத்தத்தையும் நான் போடறேன்' என்றான். குரூப்பே குதூகலித்தது. பேங்க் நண்பன் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பாஸ்போர்ட் எந்த நாடு?"

அவன் 2015-லேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். போச்சு! இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வெளிநாட்டில் சம்பாதித்து பேங்க் வழியாக நன்கொடை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. குடியுரிமையை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க வேண்டுமானால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணும், டெல்லியில் ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட ஒரு கிளையில்தான் கணக்கு இருக்க வேணும். நேற்றுப் பிறந்த எங்கள் சங்கத்துக்கு அதெல்லாம் ஆகிற கதையா? சிங்கப்பூரில் கட்டிட வேலைக்குப் போயிருக்கிற இன்னொருத்தன் 3,000 அனுப்பினான், செல்லுபடி ஆனது. கலிபோர்னியாக்காரனின் லட்சங்கள் செல்லவில்லை.

பாவம், அவன் நொந்து போனான். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் பேசினோம். அங்கேயும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை வசூல் பண்ணுகிறார்களாம்! எனக்கு நம்பிக்கை வரவில்லை. அமெரிக்காவிலா?

"ஆமாண்டா. 1978-ல இங்க ஓட்டெடுப்பு நடத்தி, வீட்டு வரி இதுக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு கட்டிட்டாங்க. 'புரப்பசிஷன் 13'னு பேரு. ஜனங்களுக்குச் சந்தோஷம். ஆனா பள்ளிக்கூடம் ஓடினதே பெரும்பாலும் அந்த வரிலதான். வருமானம் படுத்திருச்சு. மியூசிக் வாத்தியார், லைப்ரரி எல்லாத்துலயும் கை வெச்சாங்க. அப்போ பெத்தவங்களும் ஊர்க்காரங்களும் ஊருக்கு ஊர் கல்வி அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. ஏலம் விடுவாங்க, நடைப்பயணம் போவாங்க, டின்னர் போடுவாங்க. பணக்கார ஊருன்னா 'பிள்ளைக்கு இவ்வளவு'ன்னு லெட்டரே வந்துரும்."

"நல்லதுதானே?"

"என் பிள்ளைக்கு நல்லது. பக்கத்து ஊர்ல தோட்ட வேலை செய்யறவன் பிள்ளைக்கு? அவங்க டின்னர் போட்டா யாரு வருவா? சான்டா மோனிகாவும் மாலிபுவும் சேர்ந்து ஒரே பள்ளி நிர்வாகம். மாலிபு கோடீஸ்வரங்க ஊரு. 2011-ல அந்தப் பள்ளி போர்டு ஒரு முடிவு எடுத்துச்சு. தனித்தனிப் பள்ளிக்கூடத்துக்குன்னு ஆசிரியர், உதவியாளர் சம்பளத்துக்கு வசூல் பண்ணக்கூடாது, பொதுவா ஒரே நிதி, எல்லாப் பள்ளிக்கும் பங்குன்னு. அவ்வளவு எதிர்ப்பு! 'நான் குடுக்கற காசு என் பிள்ளை ஸ்கூலுக்குத்தான் போகணும்'னு."

சூப்பிரண்டெண்ட் கேட்ட கேள்வி எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

சரி, தனி மனுஷர்களை விட்டுவிட்டுக் கம்பெனிகளைப் பிடிக்கலாம் என்று அடுத்த முயற்சி. கம்பெனிகள் சட்டத்தில் 135-வது பிரிவு ஒன்று உண்டு. நிகர சொத்து மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேணும் என்று 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் கல்வியும் சேர்த்தி.

சென்னையில் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாமே!) அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. ஏ.ஸி. அறை, கழுத்தில் பட்டை மாட்டிய இளைஞர். மரியாதையான பிள்ளை, காபியெல்லாம் கொடுத்தார்.

"எத்தனை ஸ்கூல் சார்?"

"ஒண்ணுதான்."

"பயனாளிகள்?"

"112 பேரு."

"ஆயிரமா சார்?"

"இல்லைங்க, வெறும் 112."

அவர் முகம் வாடியது. சங்கம் எத்தனை வருஷமாக இருக்கிறது, மூணு வருஷத்து ஆடிட் கணக்கு எங்கே, சி.எஸ்.ஆர்.-1 பதிவு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எங்களிடம் இருந்த ஒரே கணக்கு டீக்கடை நண்பனின் கடன் நோட்டு. அதற்கு நான் பொறுப்பில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தர்மத்தின் பேரைச் சொல்லி எத்தனை பேர் ஏமாற்றியிருப்பான்! கேட்கத்தான் செய்வார்கள்.

கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்து, ஓர் உண்மையைச் சொன்னார். "சார், நீங்க மோட்டார், தொட்டின்னு கேட்டிருந்தாக்கூட ஏதாவது பார்த்திருக்கலாம். முக்கியமா மாசச் சம்பளம் கேக்கறீங்க. கழுவறவங்க சம்பளத்தை எப்படி சார் போட்டோ எடுக்கறது?"

அந்தப் பூட்டின கழிப்பறை ஏன் பூட்டிக் கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹெச்.எம். அம்மா சும்மா இருக்கவில்லை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று 2022 டிசம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்த திட்டம் இருக்கிறதே, அதில் எங்கள் பள்ளியின் தேவைகளைப் பதிந்து வைத்தார். டி.வி.எஸ். வேணு சீனிவாசன் தலைவர், செஸ் விஸ்வநாதன் ஆனந்த் தூதர் என்று ஆரம்பித்த அறக்கட்டளை. இணையத்தில் போனால் எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்க்கலாம்; நம் பள்ளியை நாமே தேர்ந்தெடுத்துப் பணமோ பொருளோ உழைப்போ கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேலே. டீக்கடை நண்பன் கேட்டான்: "அத்தனைல நம்ம பள்ளிக்கூடத்தை யாரு மாப்ளே தேடி வருவா, நம்மளைத் தவிர?"

இதில் ஒரு வேடிக்கை. இதெல்லாம் புதுசு என்று நினைத்தேன். ஊரில் எங்கள் கணக்கு வாத்தியார் (வயசு 86, இன்னும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார்) சிரித்தார். "அட போடா. காமராஜர் காலத்துல நெ.து. சுந்தரவடிவேலுன்னு ஒரு கல்வி இயக்குநர். 1956-ல மதிய உணவு ஆரம்பிச்சதே ஊர்க்காரங்க குடுத்த அரிசி, பருப்புலதான். அப்புறம்தான் அரசாங்கம் பங்கு போட்டுச்சு. 1958-ல செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூர்ல முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. அதுக்குப் பிறகு ஊர் ஊரா மாநாடு. பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போடுவாங்க. மணி, கடிகாரம், பெஞ்சு, கரும்பலகை, சுத்துச்சுவர்... ஊர்க்காரன் தன்னால முடிஞ்சதைக் குடுப்பான். ஒருத்தன் நிலம் குடுப்பான், ஒருத்தன் ரெண்டு டம்ளர் குடுப்பான். ரெண்டு பேரையும் மேடைல கூப்பிட்டுத்தான் வாங்குவாங்க. நான் அப்போ பையன். எங்கப்பா குடுத்தது ஒரு வாளி."

வாத்தியார் 'வாளி' என்றதும் டீக்கடை நண்பனுக்குப் பொறி தட்டியது. எங்களூரில் வாளி என்றால் கறிக்குழம்பு வாளி. கறிக்குழம்பு என்றால் மொய் விருந்து!

மற்ற ஜில்லா வாசகர்களுக்காக: வடகாடு, கீரமங்கலம், பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடி, ஆவணி மாசங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணம் தேவைப்படுகிறவர் பத்திரிகை அடித்து ஊரைக் கூப்பிட்டு ஆட்டுக்கறி போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். அந்தப் பணத்தில் கடன் அடைப்பார், போர் போடுவார், கடை வைப்பார். அப்புறம் அவரவர் விருந்து வைக்கும்போது வாங்கியதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேணும். செய்யாதவன் பேர் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை மரமெல்லாம் சாய்ந்த பிறகு, வாங்கினவர்கள் திருப்பிச் செய்ய முடியாமல் திணறியதும் உண்டு.

"பள்ளிக்கூடம் எப்படிடா திருப்பிச் செய்யும்?" என்றேன்.

"லூசு மாப்ளே! அது ஏற்கெனவே நமக்கு மொய் எழுதிருச்சு. இப்ப நாமதான் திருப்பிச் செய்யணும்!"

மொய் நோட்டின் முதல் பக்கத்தை நானே எழுதினேன். 'பள்ளிக்கூடம் எங்களுக்கு எழுதிய மொய்: அ முதல் ஃ வரை. பதினாறாம் வாய்ப்பாடு வரை. சத்துணவு (எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கியபோது நாங்கள் ஒண்ணாங்கிளாஸ்). கணக்கு வாத்தியாரிடம் பிரம்படி, எண்ணிக்கை இல்லை.' பத்திரிகையிலும் இதையே அடித்தோம்.

ஆனால் நடுவில் ஒரு தடை வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளித் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா. ஆறாவது வரை படித்தவர். நாங்கள் ஏழு பேரும் வரிசையாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம்.

"கறிக்கு எவ்வளவு ஆவும்?" என்றார்.

"எண்பதாயிரத்துக்குப் பக்கம்க்கா."

"கக்கூஸ் கழுவக் காசில்லன்னு எண்பதாயிரத்துக்குக் கறி திங்கறதா? நல்லா இருக்கு தம்பி நாயம்!"

விழித்தோம். ஆட்டு வியாபாரம் செய்கிற எங்கள் தோழன்தான் வாயைத் திறந்தான். "அக்கா, சும்மா கேட்டா நம்ம ஊருக்காரன் பத்து ரூவா குடுப்பான். எலை போட்டுக் கேட்டா ஆயிரம் குடுப்பான். நான் ஆட்டை அசல் விலைக்கே தர்றேன்."

அக்கா யோசித்தார். மூணு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு செலவுக்கும் பில் வேணும். கட்சிக்காரர் யாருக்கும் ஃபிளெக்ஸ் கிடையாது. "பக்கத்தூர் ஆரம்பப் பள்ளில 23 புள்ளைங்கதான். அங்க வெளிநாட்டுக்குப் போனவனும் இல்ல, ஆபீஸருமில்ல. மிச்சத்துல அவுங்களுக்கு ரெண்டு ஃபேன் வாங்கிக் குடுக்கணும்."

சான்டா மோனிகாவில் அத்தனை சண்டை போட்டு எடுத்த முடிவை, இந்த அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரத்தில் எடுத்துவிட்டார்.

2024 ஆடி. ஊர்ப் பொது மண்டபம். 300 பேருக்கு மேல் வந்தார்கள். கலிபோர்னியாக்காரன் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். "காசுக்குத்தானே சட்டம்? வாளிக்கு இல்லையே!" என்று வேட்டியை மடித்துக் கட்டி, கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடினான். மூணாவது பந்தியில் கையில் கொப்புளம். சாயந்தரம் அதைப் போட்டோ எடுத்து அவன் பெண்டாட்டிக்கு அனுப்பினான்.

மொய் மேஜையில் பேங்க் நண்பன். பக்கத்தில் மைக். 'ஐயா இன்னார், ஐநூறு ரூபாய்!', 'இன்னார், ஆயிரத்து ஒண்ணு!' என்று முழக்கம். கட்சிக்காரர் ஒருவர் துண்டோடு வந்து பேனர் எங்கே என்று பார்த்தார். அக்கா அவரை நேராகப் பந்தியில் உட்கார வைத்தார். சாப்பிட்டுவிட்டு 2,000 எழுதினார், அது தனி விஷயம்.

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் காலத்து ஆயா வந்தது. மணி அடிக்கும், வகுப்பு கூட்டும், நாங்கள் வாந்தி எடுத்தால் அள்ளும். இப்போது முதுகு வளைந்து, கம்பு ஊன்றி. சாப்பிடவில்லை. நேரே மேஜைக்கு வந்து சுருக்குப்பையைப் பிரித்து ஓர் ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து வைத்தது. "ஆயா, நீ எதுக்குக் குடுக்கறே, நீதான் எங்களுக்குச் செஞ்சிருக்கே" என்று பேங்க் நண்பன் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான்.

"எழுதுடா. நானும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சோத்தைத்தானே தின்னேன்."

மைக்கில் 'பள்ளிக்கூடத்து ஆயா, ஐம்பது ரூபாய்' என்று படித்தார்கள். மண்டபத்தில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஏற்கெனவே ஆயிரம் எழுதியிருந்த ஆட்டு வியாபாரி, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேஜைக்கு வந்தான். "என் பேருல ஒரு திருத்தம். ஐயாயிரத்து ஒண்ணு." அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் 'திருத்தம்' போட வந்து நின்றார்கள்.

மொத்த மொய் 3,12,450. விருந்துச் செலவு 81,300. எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. வாழைக்காய்க்கு மட்டும் அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய 11,500-ஐயும் சேர்த்தால் கையில் நின்றது 2,42,650. மோட்டார், தொட்டி, கதவு, குழாய் எல்லாமாக 84,000. கழுவுகிற அம்மாவுக்கு மாசம் 4,000, வருஷத்துக்குப் பத்து மாசம், மூணு வருஷத்துக்கு என்று 1,20,000-ஐ பேங்கில் போட்டோம். பக்கத்தூருக்கு இரண்டு ஃபேன். மிச்சம் சங்கக் கணக்கில்.

இதில் கிரானைட்டில் பொறிக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை என்று குரூப்பில் ஒருத்தன் இப்போதும் வருத்தப்படுகிறான். மூணு வருஷம் முடிந்தால் சம்பளத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் பதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் செய்துவிட்டதால் அது செய்யாமலே போய்விடுமோ என்ற பயம் ஹெச்.எம். அம்மாவுக்கு உண்டு. அதனால் மாசா மாசம் மேலே கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நண்பனின் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்து அப்பனிடம் நீட்டியது.

"ப்பா, இது சின்னதா இருக்கு. மத்தியானத்துக்கே காலியாயிருது. பெரிய பாட்டில் வாங்கிக் குடு."

நண்பன் என்னைப் பார்த்தான். "பார்த்தியா மாப்ளே, புதுச் செலவு!" என்றான். அன்றைக்கு என்னிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. அவன் காசு வாங்காமல் டீ கொடுத்து நான் பார்த்ததே கிடையாது.

நேற்று ராத்திரி ஹெச்.எம். அம்மாவிடமிருந்து போன். மோட்டாரில் காயில் போய்விட்டதாம், 3,800 ரூபாய் ஆகுமாம். சங்கக் கணக்கில் இருக்கிறது. இருந்தாலும் பழக்கதோஷத்தில் குரூப்பிலும் போட்டு வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் 41 கட்டைவிரல். ஆட்டு வியாபாரி மட்டும் கட்டைவிரல் போடவில்லை. 'பில்லை அனுப்பு' என்று எழுதியிருக்கிறான்.